பச்சை விளக்கும் பிரேக் மாஸ்டரும்

என் வீட்டுக்காரருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். வைத்தது நான் இல்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். கற்றுக்கொண்டு போனவர்கள் வைத்த பெயர் அது. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் ஆபத்து வந்தால் அதை மிதிப்பார்கள். இவர் ஆபத்து வரலாம் என்று தோன்றினாலே மிதிப்பார். தூரத்தில் ஒருவர் சாலையைக் கடக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றால் போதும், இவர் கால் கீழே போய்விடும். இவரிடம் படித்த ஒருவர்கூட எதிலும் போய் இடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர்களில் பாதிப் பேர் மூன்றாவது கியரைப் பார்த்ததே இல்லை என்பதை நான் சேர்த்துச் சொல்வேன்.

வெளியிலேயே அப்படி என்றால் வீட்டில் எப்படி என்று கேட்கவே வேண்டாம். கதவைப் பூட்டி, படியிறங்கி, தெருமுனை வரைக்கும் வந்து நின்றுகொண்டு, பூட்டினோமா என்பார். பூட்டினோம் என்று நான் சொன்னால் நம்ப மாட்டார். திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். இழுத்த இழுப்பில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று அடுத்த சந்தேகம் கிளம்பும். இப்படி நாங்கள் தவறவிட்ட பஸ்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு டிப்போவே கட்டலாம்.

கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். எதையும் ஒரு இடத்தில் மட்டும் வைத்தால் மனுஷனுக்கு நிம்மதி இருக்காது. தண்ணீர் வரி ரசீதை ஸ்கேன் பண்ணி 'ரசீது' என்று வைப்பார். பிறகு 'ரசீது புதுசு'. அப்புறம் 'ரசீது கடைசி', 'ரசீது நிஜமாகவே கடைசி'. ஏழு நகல் வரைக்கும் போவார். ஏழுக்கு என்ன கணக்கு என்று கேட்டால், ஆறு கெட்டுப்போனாலும் ஒன்று மிஞ்சும் இல்லையா என்பார். ஏழும் ஒரே பெட்டிக்குள், ஒரே டிஸ்கில் இருக்கின்றன என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர்தான் எனக்கும் வேலை செய்யும் இடம். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் மைக்கை வைத்து, நாற்காலியை அதற்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர். வாசித்ததை மறுபடி கேட்டு, இருமல், தும்மல், திணறல் எல்லாவற்றையும் வெட்டி, சுத்தம் செய்து அனுப்ப வேண்டும்.

இந்த முறை வாசித்தது ஒப்பந்தச் சட்டம். ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் பெண்ணுக்காக. பகலில் வேலை, மாலையில் சட்டக் கல்லூரி. கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும் வசதியெல்லாம் இப்போது உண்டு; ஆனால் இவளுடைய புத்தகம் மங்கிப்போன பழைய அச்சு, அந்த மென்பொருள் அதை வாசித்தால் சட்டம் மந்திரமாகிவிடுகிறது. மனிதர் வாசித்தால்தான் உண்டு. முதல் பாதியை ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். மீதி ஒன்பது பாடங்களையும் வாசித்து முடித்துவிட்டேன். அனுப்பத்தான் முடியவில்லை, காரணம் டிஸ்க்.

பழைய டிஸ்க் சும்மா இருக்காது. உள்ளே எதையோ சுற்றிக்கொண்டு டக் டக்கென்று அடிக்கும், நடுநடுவே கரகரவென்று அரைக்கும். சட்டத்தின் முக்கியமான வரி வரும்போதுதான் அதற்கு ஆவேசம் வரும். மெதுவாகிக்கொண்டே வந்தது வேறு. பட்டனை அழுத்திவிட்டுப் போய் ஒரு வாளித் துணியைக் காயப்போட்டுத் திரும்பினால் அப்போதுதான் திரை நீலமாகும். ஒரு பாடத்தில் சத்தத்தை நீக்கச் சொன்னால் மாலை வரைக்கும் முனகிவிட்டு அப்படியே உறைந்துவிடும். எஸ்.எஸ்.டி. என்று ஒன்று வந்திருக்கிறது, அதில் சுற்றுவது எதுவும் கிடையாது, சத்தமே இருக்காது, வேகமும் பல மடங்கு என்று பதிவு செய்கிற தோழிகள் எல்லோரும் சொன்னார்கள். வாங்கிவிடுவோம் என்றேன். அங்கே பிடித்தது சனி.

வாங்குவதற்கே அவரை இழுத்துக்கொண்டு மூன்று கடை ஏற வேண்டியிருந்தது. சத்தம் போடாத டிஸ்க் ஓடுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டார். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கடைசியாகப் போன கடையில் இருந்தவர் பொறுமைசாலி. எங்கள் பழைய டிஸ்க் பெரியது, அதில் பாதிக்கு மேல் காலி, அதனால் பாதி அளவு எஸ்.எஸ்.டி.யே தாராளம், பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்றார். சரியென்று நான் தலையாட்டுவதற்குள் இவர் புது டிஸ்கை மட்டும் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நம் சாமான் எல்லாம் இருக்கிற டிஸ்கை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்க முடியாதாம்.

கூட வேலை செய்யும் மாஸ்டர் ஒருவரிடம் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. மேலே இரண்டு பள்ளம். ஒன்றில் பழைய டிஸ்கைச் செருகி, இன்னொன்றில் புதியதைச் செருகி, பட்டனை அழுத்தினால் முதல் பள்ளத்தில் இருப்பதை இரண்டாவதில் இருப்பதன் மேல் அப்படியே நகலெடுத்துவிடும். கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை. அதை இரவல் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அதன்மேல் துண்டு விரித்து, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். ஆபரேஷன் நடக்கப்போகிற மாதிரி என்னையும் எட்ட நிற்கச் சொன்னார்.

பழையதை முதல் பள்ளத்தில் வைத்தார். புதியதை இரண்டாவதில் வைத்தார். சரியாகத்தான் வைத்தார், என் கண்ணால் பார்த்தேன். பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு மினுக்கியது. எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தார். சிவப்பு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக சிவப்பைப் பார்த்தால் நில், பச்சையைப் பார்த்தால் போ என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர். சிவப்பு எரிகிறது என்றால் தப்பாகப் போகப் பார்த்தோம், பெட்டி நம்மைத் தடுத்துவிட்டது என்று முடிவு செய்தார். கடைக்காரருக்கு ஒரு போன் போடலாமே என்றேன். விளக்கு சொல்கிறதைவிடவா அவர் சொல்லப்போகிறார் என்றுவிட்டு, இரண்டையும் உருவி இடம் மாற்றிச் செருகினார்.

பச்சை எரிந்தது.

"பாத்தியா?" என்றார் என்னைப் பார்த்து. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. மத்தியானம் வரைக்கும் பச்சை ஓடியது. அவரும் எழுந்திருக்காமல் பக்கத்திலேயே காவல் இருந்தார். டீயைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னார்.

காலியான டிஸ்கை எடுத்து நிறைந்த டிஸ்கின் மேல் கொட்டியிருக்கிறார். மாலையில் புதியதைக் கம்ப்யூட்டரில் மாட்டினோம், கறுப்புத் திரை. பழையதை மாட்டினோம், அதே கறுப்புத் திரை. அவர் ஒயரை உருவி உருவிச் செருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பொறுமைசாலிக் கடைக்காரர் நடந்ததைக் கேட்டதும் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சிவப்பு எரிஞ்சா தப்பா மாட்டிட்டீங்கன்னு அர்த்தம் இல்ல சார். பெரிய டிஸ்க்க சின்ன டிஸ்க்குல நகலெடுக்க மாட்டேன்னு சொல்லுது, அவ்ளோதான். மாத்தி வெச்சா சின்னது பெருசுக்குள்ள தாராளமா போகும். அதான் பச்சை," என்றார். இரண்டு நாள் வைத்திருந்து, மீட்க முடிந்ததை மீட்டுக் கொடுத்தார். தண்ணீர் வரி ரசீது வந்தது, அதுவும் நான்கு நகல். இவருடைய பயிற்சிப் பள்ளி வாசலில் நிற்கும் 'இங்கே நிறுத்தாதீர்' பலகையின் படம் வந்தது. என் குரலில் வந்ததெல்லாம் அறுந்த துண்டுகள்தான். ஒன்பது பாடத்தில் ஒன்றுகூட முழுதாக இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆனால் உண்மையைச் சொன்னால், போனதற்காக வந்த கோபம் அன்றைக்கே பாதி ஆறிவிட்டது. ஆறாதது வேறு. 'நான் தப்பு பண்ணிட்டேன்' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. மாமியார் போனில் கேட்டபோது, "லைட்டு பச்சையாத்தாம்மா இருந்துச்சு," என்றார். பெட்டியை இரவல் கொடுத்தவர் கேட்டபோதும் பச்சை. கீழ்வீட்டுக்காரர் சும்மா நலம் விசாரித்ததற்குக்கூடப் பச்சை. விளக்கு செய்த துரோகத்துக்கு இவர் சாட்சி மாதிரி பேசினாரே தவிர, பட்டனில் இருந்தது யார் விரல் என்ற பேச்சே இல்லை. தப்பு நேராமல் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவருக்கு, நேர்ந்த தப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் கோபம் போய்விடுமா என்ன?

டெலிபோன் பெண்ணிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பதிவு அழிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று கேட்டாள். கோளாறு என்றேன், இவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரைக் காட்டிக்கொடுக்க நாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டேன். ஏன் விழுங்கினேன் என்று பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது, இந்தத் தாளை ஏற்கெனவே ஒரு தடவை தவறவிட்டவள், இந்தத் தடவையும் போனால் ஒரு வருஷம் வீண்.

"தேர்வுக்கு ஒரு வாரம் முன்னாடி கையில கெடச்சா போதும்கா. நான் சமாளிச்சுக்குவேன்," என்றாள்.

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை.

கடைக்காரரே புது டிஸ்கைப் பொருத்திக் கொடுத்தார். அது என்னவோ சொன்னபடிதான். பட்டனை அழுத்தி நாற்காலியை இழுப்பதற்குள் திறந்துவிடுகிறது. சத்தமா, மூச்சுகூடக் கிடையாது. ஆனால் அந்த டக் டக் போன பிறகுதான் வீட்டில் வேறு என்னென்ன சத்தம் இருக்கிறது என்று தெரிந்தது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. மேல்வீட்டில் யாரோ நாள் முழுக்க நாற்காலியை இழுக்கிறார்கள். இவருக்கு மூக்கு விசிலடிக்கிறது. இத்தனை நாள் எல்லாப் பழியும் டிஸ்க் தலையில் விழுந்துகொண்டிருந்தது. இவர் குழாய்க்கு வாஷர் மாற்றினார். மேல்வீட்டுக்குப் போய் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போட்டுக் கொடுத்தார். நான் வாசிக்கும்போது வாசலில் போய் நின்றுகொண்டு, படியேறுகிறவர்களை எல்லாம் கையைக் காட்டி நிறுத்தி மெல்லப் போகச் சொன்னார். இத்தனையும் செய்வார். அந்த ஒரு வார்த்தை மட்டும் கிடையாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மூக்கால் விசிலடித்தால் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேனா?

காலையும் மாலையும் விடாமல் மறுபடி வாசித்தேன். ஒன்பதில் ஆறு முடிந்து அவளுக்குப் போய்விட்டது. ஏழாவதைத் தொடங்கிய அன்று தொண்டை கட்டியது. அடுத்த நாள் காற்றுதான் வந்தது. டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது, மீறினால் மாதக்கணக்கில் இழுக்கும் என்றார். ஒரு வாரம் கழித்தால் அந்தப் பெண் கேட்ட நாள் தாண்டிவிடும். பதிவு செய்கிற தோழிகளைப் போனில் கேட்டுப் பார்க்கவும் எனக்குக் குரல் இல்லை. இவரை விட்டுக் கேட்கச் சொன்னதில் ஒருத்தி வெளியூர், இன்னொருத்திக்கு அவள் வேலையே தலைக்கு மேல்.

என் வாழ்க்கையிலேயே நான் வாய் திறந்து திட்ட வேண்டிய வாரம் அது. அந்த வாரத்தில் எனக்கு வாய் இல்லை. கையைத் தட்டினேன், தட்டை டணார் என்று வைத்தேன், கதவை அறைந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதைப் பார்க்க இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மாலையில் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர் சட்டையை மாற்றாமல் நேராக அலமாரிக்குப் போனார். புத்தகத்தை எடுத்தார். நாற்காலியைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கேட்டார், காட்டினேன். அது சரியான பட்டன்தானா என்று மறுபடி கேட்டார். அவர் கையைப் பிடித்து அதன்மேலேயே வைத்தேன்.

"நீ போய்ப் படு. நான் பாத்துக்கறேன்," என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தால்தானே இந்த நிலைமை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். காற்று வந்தது. கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த மூன்று நாளும் லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க உள்ளேயே கிடந்தார். இடையில் வெளியே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், தண்ணீர் குடிப்பார், மறுபடி போய்விடுவார். மூன்று பாடத்துக்கு இவ்வளவு நேரம் பிடிக்காதே என்று எனக்கு ஒரே எரிச்சல். நானாக இருந்தால் இதில் பாதி நேரத்தில் முடித்திருப்பேன்.

முடிந்தது என்று சொன்னதும் நான் மேஜையில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வெட்டிச் சுத்தம் செய்வது என் வேலை, அதற்குக் குரல் வேண்டாம். எவ்வளவு மோசமாக வாசித்திருந்தாலும் இன்றைக்கே சரிசெய்து அனுப்பிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பதிவைத் திறந்தேன். அவர் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு செருமல். பிறகு, வண்டியில் புதிதாக ஏறி உட்கார்ந்தவர்களிடம் பேசுவாரே, அந்தக் குரல்.

"வணக்கம்மா. நான் மாஸ்டர் பேசறேன். இந்தப் பாடத்த எல்லாம் உங்க அக்கா ஒரு தடவ நல்லா படிச்சு முடிச்சிருந்தா. கோளாறு எதுவும் இல்லம்மா. அழிச்சது நான். அழிச்சது நான்."

பிறகு பாடத்தின் தலைப்பு. தலைப்பை இரண்டு தடவை சொன்னார். முதல் வாக்கியத்தை வாசித்தார். அதையே மறுபடியும் வாசித்தார். அடுத்த வாக்கியம், இரண்டு தடவை. திக்குகிறாரோ என்று நினைத்தேன், கம்ப்யூட்டர்தான் ஏதோ பண்ணுகிறதோ என்றும் நினைத்தேன். நடுவிலிருந்து ஒரு இடத்தைத் திறந்தேன், கடைசியைத் திறந்தேன். மூன்று பாடத்திலும் ஒரு வரி விடாமல், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்து வைத்திருக்கிறார். ஒன்று சரியாக விழாவிட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. சட்டை முதுகோடு ஒட்டியது இதற்குத்தான்.

முதலில் சிரிப்புதான் வந்தது, சிரிக்கவும் தொண்டை விடவில்லை. அப்புறம் கண் கலங்கிவிட்டது. என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் என் காதில் விழாமல் எதுவும் அந்தப் பெண்ணுக்குப் போகாது என்பது அவருக்குத் தெரியும்.

வெட்ட ஆரம்பித்தேன். இரண்டாவதாக வந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து எடுத்தேன். அவர் சில இடங்களில் முதல் தடவை சறுக்கி இரண்டாவது தடவை சரியாக வாசித்திருந்தார். அங்கே முதலாவதை எடுத்தேன். பழைய டிஸ்காக இருந்தால் இத்தனை வெட்டுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். இதில் அன்று மாலைக்குள் முடிந்தது. அவள் கேட்ட நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே மூன்று பாடத்தையும் அனுப்பினேன். தலைப்பு ஒரு தடவை, வாக்கியங்கள் ஒரு தடவை, எல்லாம் ஒழுங்காக. 'அழிச்சது நான்' என்பதில் மட்டும் கை வைக்கவில்லை. அது இரண்டு தடவையும் அப்படியே போயிற்று.